நீதியைப் பற்றிய நூலில் குழந்தைக் கதைகளுக்கு என்ன வேலை?

பிளேட்டோவின் 'குடியரசு' நூலை முதன்முறையாக வாசிப்பவர்கள் அதன் இரண்டாம் பாகத்தின் பிற்பகுதியை எட்டும்போது சற்றுத் திகைத்துப் போவது வழக்கம். நீதி என்றால் என்ன, நீதியாக வாழ்வதால் ஒருவருக்கு என்ன நன்மை என்ற கேள்விகளோடு தொடங்கிய உரையாடல், தாய்மாரும் செவிலித் தாயரும் குழந்தைகளுக்கு எந்தக் கதைகளைச் சொல்லலாம், எவற்றைச் சொல்லக் கூடாது என்ற விசாரணையில் இறங்கிவிடுகிறது. ஹோமரின் காவியங்களில் எந்த அடிகளை நீக்க வேண்டும், சிறுவர்கள் எந்தப் பண்களில் பாடலாம், எந்த இசைக்கருவிகளை நகருக்குள் அனுமதிக்கலாம் என்று மூன்றாம் பாகத்திலும் அந்தப் பேச்சு நீள்கிறது. நீதியைப் பற்றிப் பேச வந்தவர் யாழையும் குழந்தைக் கதையையும் ஏன் இவ்வளவு நேரம் பேசுகிறார் என்று கேட்டால், அதற்குரிய பதிலில்தான் பிளேட்டோ, அரிஸ்டாட்டில் இருவருடைய அரசியல் சிந்தனையின் மையமும் இருக்கிறது. இருவருக்கும் நீதி என்பது முதலில் மனித உள்ளத்தில் அமைய வேண்டிய ஒரு நிலை; சட்டமும் நீதிமன்றமும் அதற்குப் பிறகு வருபவை. உள்ளம் எப்படி உருவாகிறது என்பதை விளக்காமல் நீதியை விளக்க முடியாது என்று அவர்கள் கருதியதால், அரசியலைப் பற்றிய அவர்களுடைய நூல்களில் கல்விக்கு அவ்வளவு பெரிய இடம் கிடைத்தது.

இந்தக் கருத்து அன்றைய ஏதென்ஸின் நடைமுறைக்கு நேர் எதிரானது. ஏதென்ஸில் பள்ளிக் கல்வி தனியார் வசம் இருந்தது. வசதியுள்ள குடும்பத்துச் சிறுவன் எழுத்து கற்பிக்கும் ஆசிரியரிடமும், யாழும் பாட்டும் கற்பிக்கும் ஆசிரியரிடமும், உடற்பயிற்சி ஆசிரியரிடமும் தனித்தனியாகப் போவான். அவனை வீட்டிலிருந்து அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து விடுவதற்கு ஓர் அடிமை இருப்பான். ஆசிரியர்களுக்குக் கட்டணத்தைத் தந்தையே செலுத்துவார். பெண் குழந்தைகள் வீட்டிலேயே வளர்ந்தார்கள். ஸ்பார்ட்டாவிலோ ஆண் குழந்தைகளை ஏழு வயதில் அரசே எடுத்துக்கொண்டு, பசியையும் குளிரையும் தாங்கும் போர்வீரர்களாக வளர்த்தது. கல்வி அரசின் பொறுப்பா, குடும்பத்தின் பொறுப்பா என்ற கேள்வி இவ்விரு நகரங்களின் வாழ்க்கையிலேயே கண்முன் நின்றது.

கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஏதென்ஸுக்கு வேறொரு வகை ஆசிரியர்கள் வந்து சேர்ந்தார்கள். சோஃபிஸ்டுகள் என்று அழைக்கப்பட்ட இவர்கள் ஊர் ஊராகச் சென்று, பெருங்கட்டணம் வாங்கிக்கொண்டு, மக்கள் மன்றத்தில் பேசி வெல்லும் திறனையும் பொது வாழ்வில் சிறந்து விளங்கும் வழியையும் இளைஞர்களுக்குக் கற்பித்தார்கள். அவர்களை வெறும் சொல் வியாபாரிகள் என்று ஒதுக்குவது எளிது. பிளேட்டோவைப் படித்தவர்கள் பலர் அப்படித்தான் ஒதுக்குகிறார்கள். ஆனால் அவர்களில் மூத்தவரான புரோட்டகோரஸின் கருத்தாக பிளேட்டோவே எழுதிவைத்திருக்கும் வாதம் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. அதை அவர் ஒரு கதையாகத் தொடங்குகிறார். மனிதர்களுக்கு நெருப்பும் தொழில் அறிவும் கிடைத்த பிறகும் அவர்களால் கூடி வாழ முடியவில்லை. ஒருவருக்கொருவர் அநீதி செய்து சிதறிப்போனார்கள். அவர்கள் அழிந்துவிடுவார்களோ என்று அஞ்சிய தேவர் தலைவன் சீயஸ், நாணத்தையும் நீதியுணர்வையும் தேவதூதன் ஹெர்மஸிடம் கொடுத்து அனுப்புகிறார். மருத்துவ அறிவைச் சிலருக்கு மட்டும் கொடுத்தது போல இவற்றையும் சிலருக்குக் கொடுப்பதா, எல்லோருக்கும் கொடுப்பதா என்று ஹெர்மஸ் கேட்க, எல்லோருக்கும் பகிர்ந்து கொடு, சிலரிடம் மட்டும் இவை இருந்தால் நகரங்களே உருவாகா என்று சீயஸ் சொல்கிறார்.

இந்தக் கதையோடு புரோட்டகோரஸ் நின்றுவிடவில்லை. குற்றவாளியைத் தண்டிக்கும்போது நடந்து முடிந்த செயலை யாரும் இல்லாததாக்க முடியாது. இனி அது நடக்கக் கூடாது என்பதற்காகவே அறிவுள்ளவர்கள் தண்டிக்கிறார்கள். ஆகவே தண்டனை என்ற வழக்கமே நீதியைக் கற்பிக்க முடியும் என்று மக்கள் நம்புவதற்குச் சான்று என்கிறார். அதைக் கற்பிப்பவர் யார் என்று கேட்டால், தாய், செவிலி, தந்தை, ஆசிரியர், சட்டம் என்று நகரமே கற்பிக்கிறது. ஒரு குழந்தைக்குக் கிரேக்க மொழி பேசக் கற்றுத் தந்த ஆசிரியர் யார் என்று தேடினால் எப்படி ஒரு தனி ஆளைக் காட்ட முடியாதோ அப்படித்தான் இதுவும் என்று பதில் சொல்கிறார். மக்களாட்சிக்கு ஆதரவாகப் பண்டைய உலகம் நமக்கு விட்டுச்சென்ற வாதங்களில் இதை மிக வலிமையான ஒன்றாக நான் கருதுகிறேன்.

பிளேட்டோவின் ஆசிரியரான சாக்ரடீஸ் இதை ஏற்கவில்லை. கி.மு. 399இல் அவர் மீது தொடரப்பட்ட வழக்கின் குற்றச்சாட்டுகளில் ஒன்று இளைஞர்களைக் கெடுத்தார் என்பது. அதாவது அந்த வழக்கே பாதி கல்வியைப் பற்றிய வழக்கு. பிளேட்டோ எழுதிய தற்காப்புரையில், அப்படியானால் இளைஞர்களை நல்லவர்களாக்குவது யார் என்று, தம்மீது குற்றம் சாட்டிய மெலீட்டஸிடம் சாக்ரடீஸ் கேட்கிறார். சட்டங்கள் என்கிறார் மெலீட்டஸ். சட்டங்களை அறிந்த மனிதர்கள் யார் என்று கேட்டால், இங்கே உட்கார்ந்திருக்கும் நடுவர்கள் என்கிறார்; பிறகு பார்வையாளர்கள், ஆலோசனைச் சபையினர், மக்கள் மன்றத்தினர் என்று பட்டியல் நீண்டு, சாக்ரடீஸ் ஒருவரைத் தவிர ஏதென்ஸில் உள்ள அனைவரும் இளைஞர்களை நல்வழிப்படுத்துகிறார்கள் என்ற இடத்தில் வந்து நிற்கிறது. குதிரைகளை நன்றாகப் பழக்குபவர் எல்லோருமா, அந்தக் கலை தெரிந்த ஓரிருவரா என்று சாக்ரடீஸ் திருப்பிக் கேட்கிறார். எல்லோரும் கற்பிக்கிறார்கள் என்ற புரோட்டகோரஸின் நம்பிக்கைக்கும், அறிந்த சிலரே கற்பிக்க முடியும் என்ற சாக்ரடீஸின் ஐயத்துக்கும் இடையிலுள்ள தூரம் பிளேட்டோவின் அரசியல் நூல்கள் முழுவதையும் ஆட்டிவைக்கிறது. தன் ஆசிரியரை நகரத்தின் நடுவர் குழுவே வாக்களித்துக் கொன்றதைப் பார்த்த பிளேட்டோ எந்தப் பக்கம் சாய்ந்தார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

'குடியரசு' பைரியஸ் துறைமுகத்தில் கெஃபாலஸ் என்ற செல்வந்தருடைய மகனின் வீட்டில் நடக்கும் உரையாடலாக எழுதப்பட்டது. கேடயம் செய்யும் பட்டறைக்குச் சொந்தக்காரரான அந்த முதியவர், உண்மை பேசுவதும் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதும் நீதி என்ற பொருள்படப் பேசுகிறார். நண்பன் ஒருவன் நல்ல நிலையில் இருக்கும்போது ஆயுதத்தை உங்களிடம் கொடுத்து வைக்கிறான், பிறகு மனம் பிறழ்ந்த நிலையில் வந்து திருப்பிக் கேட்கிறான் என்றால் கொடுப்பீர்களா என்று சாக்ரடீஸ் கேட்க, அந்த வரையறை அங்கேயே நின்றுபோகிறது. கெஃபாலஸின் மகன் பொலிமார்க்கஸ், நண்பருக்கு நன்மையும் பகைவருக்குத் தீமையும் செய்வதே நீதி என்று வாதத்தை எடுத்துக்கொள்கிறார். நாம் நண்பர் என்று நினைப்பவர் நல்லவராக இல்லாமல் போகலாம். அதைவிட முக்கியமாக, தீமை செய்யப்பட்ட மனிதன் முன்னைவிடக் கெட்டவனாகிறான் என்றால், நீதி என்ற நற்பண்பைக் கொண்டே ஒருவனைக் கெட்டவனாக்குவது எப்படிப் பொருந்தும் என்று சாக்ரடீஸ் கேட்கிறார். நூலை முதலில் வாசித்த ஏதென்ஸ்காரர்களுக்கு இந்த இடம் வலித்திருக்கும். ஸ்பார்ட்டாவுடனான போரில் ஏதென்ஸ் தோற்ற பின் கி.மு. 404இல் அதிகாரத்தைக் கைப்பற்றிய முப்பது பேர் கொண்ட குழு, விசாரணை எதுவுமின்றிப் பொலிமார்க்கஸை நஞ்சு குடிக்க வைத்துக் கொன்று, குடும்பத்தின் சொத்தையும் பறித்துக்கொண்டது. தம்மவருக்கு நன்மை, மாற்றாருக்குத் தீமை என்ற கொள்கைதான் அந்த ஆட்சியில் அரசாணையாக நடந்தது; அதன் தலைவர்களில் ஒருவரான கிரிட்டியஸ் பிளேட்டோவின் தாய்வழி உறவினர்.

அடுத்துப் பேசும் திராசிமக்கஸ், வலியவரின் நலனே நீதி, ஆள்பவர்கள் தமக்குச் சாதகமாகச் சட்டம் இயற்றிவிட்டு அதற்குக் கீழ்ப்படிவதை நீதி என்கிறார்கள் என்று வெடிக்கிறார். அவரைச் சாக்ரடீஸ் மடக்கிவிட்டாலும் வாதம் தீரவில்லை என்று உணர்ந்து அதைக் கூர்மையாக்குபவர் பிளேட்டோவின் சொந்த அண்ணனான கிளாக்கன். லிடியா நாட்டு இடையன் ஒருவனுக்கு அணிந்து திருப்பினால் உருவம் மறையும் மோதிரம் கிடைத்தது. அதைக் கொண்டு அவன் அரசியைத் தன்வசப்படுத்தி, அரசனைக் கொன்று, நாட்டைக் கைப்பற்றினான். கைஜீஸின் மோதிரம் என்று பெயர் பெற்ற அது நல்லவன் ஒருவன் கையில் கிடைத்தால் மட்டும் அவன் சும்மா இருப்பானா? பிடிபடும் அச்சம் இல்லாதபோதும் நீதியாக இருப்பதற்கு ஏதாவது காரணம் உண்டா? இந்தக் கேள்விக்குச் சட்டத்தாலும் காவலாலும் பதில் சொல்ல வழியில்லை. மோதிரம் அவற்றைத்தான் செயலிழக்கச் செய்கிறது. மிஞ்சுவது அந்த மனிதனின் உள்ளமும் அது வளர்ந்த விதமும் மட்டுமே. நூல் கல்வியை நோக்கித் திரும்புவதற்கான தேவை இங்கேதான் பிறக்கிறது.

பதிலைத் தேட சாக்ரடீஸ் ஒரு வழி சொல்கிறார். தொலைவில் சிறிய எழுத்துகளில் இருப்பதைப் படிக்க முடியாதவர்கள், அதே வாசகம் வேறோர் இடத்தில் பெரிய எழுத்தில் இருந்தால் அதை முதலில் படிப்பது போல, தனிமனித உள்ளத்தில் நீதியைக் காண்பதற்கு முன் நகரத்தில் அதைக் காண்போம் என்கிறார். உழவரும் கைவினைஞரும் வணிகரும் ஒரு பிரிவு, நகரைக் காக்கும் வீரர்கள் ஒரு பிரிவு, ஆள்பவர்கள் ஒரு பிரிவு. ஒவ்வொரு பிரிவும் தனக்குரிய வேலையைச் செய்து மற்றவர் வேலையில் தலையிடாமல் இருப்பதே நகரத்தின் நீதி. அதே போல உள்ளத்திலும் விருப்பம், வீறு (மானமும் சினமும் எழும் பகுதி), அறிவு என மூன்று பகுதிகள் இருப்பதாகவும், அறிவு வழிநடத்த, வீறு அதற்குத் துணை நிற்க, விருப்பம் அவற்றுக்கு இணங்கும்போது அந்த மனிதன் நீதியுள்ளவன் என்றும் நான்காம் பாகத்தில் முடிவு சொல்லப்படுகிறது.

உள்ளத்துக்குப் பகுதிகள் உண்டு என்பதை நிறுவ அவர் சொல்லும் ஒரு சம்பவத்தை அருகிலிருந்து பார்க்க வேண்டும். லியோன்டியஸ் என்பவர் பைரியஸிலிருந்து வடக்கு மதிலின் வெளிப்புறமாக நடந்து வருகிறார். கொலைத் தண்டனை நிறைவேற்றுபவன் அருகே பிணங்கள் கிடக்கின்றன. பார்க்க வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம், அருவருப்பு ஒரு பக்கம். முகத்தை மூடிக்கொண்டு சற்று நேரம் தன்னோடு போராடுகிறார். கடைசியில் ஆசை வென்றுவிட, கண்களை அகல விரித்துக்கொண்டு பிணங்களை நோக்கி ஓடி, பாவிகளே, இந்த அழகிய காட்சியை வயிறாரப் பாருங்கள் என்று தன் கண்களையே திட்டுகிறார். திட்டுவது வீறு, திட்டு வாங்குவது விருப்பம். இங்கே கவனிக்க வேண்டியது, லியோன்டியஸுக்குச் சரி எது என்பது தெரிந்தே இருந்தது, தெரிந்திருந்தும் தோற்றார். எனவே நீதியைப் போதித்தால் மட்டும் போதாது. அறிவு சொல்வதன் பக்கம் மனம் தானாகவே சாயும்படி, விவரம் தெரிவதற்கு முந்திய வயதிலேயே விருப்பு வெறுப்புகளைப் பழக்கியாக வேண்டும்.

குழந்தைக் கதைகள் வந்து சேரும் இடம் இதுதான். இளம் வயதில் மனம் எந்த அச்சையும் ஏற்கும் என்பதால், தந்தையைச் சிறையிலிட்ட கடவுள்களின் கதைகளைப் பழங்கவிஞர் ஹெசியட் சொல்லியிருந்தாலும் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டாம் என்கிறார் பிளேட்டோ. சாவைக் கண்டு அலறும் வீரர்கள், அடக்க முடியாமல் சிரிக்கும் தேவர்கள் ஆகியவையும் நீக்கப்படுகின்றன. புலம்பலுக்கும் மது விருந்துக்கும் உரிய பண்கள் விலக்கப்பட்டு, டோரியப் பண்ணும் ஃபிரிஜியப் பண்ணும் மட்டும் எஞ்சுகின்றன. பாட்டும் கதையும் உள்ளத்தை மென்மையாக்கும், உடற்பயிற்சி அதை உறுதியாக்கும். ஒன்றை மட்டும் பெற்றவன் கோழையாகவோ முரடனாகவோ ஆகிவிடுவான். இப்படி வளர்ந்த பிள்ளை அழகற்றதையும் இழிவானதையும் காரணம் தெரிவதற்கு முன்பே வெறுக்கும். பிறகு அறிவு வரும்போது பழகிய உறவினரைப் போல அதை அடையாளம் கண்டு வரவேற்கும் என்கிறார். கவிஞர்கள் மீது அவர் விதிக்கும் தணிக்கையை நான் ஏற்கவில்லை. ஆனால் அது கலையின் மீதான அலட்சியத்தால் வந்ததன்று. பாட்டுக்கும் கதைக்கும் மனிதரை மாற்றும் ஆற்றல் உண்டு என்று முழுமையாக நம்பியதால் வந்தது.

ஏழாம் பாகத்தில் கல்வி இரண்டாம் கட்டத்துக்குச் செல்கிறது. குகைக்குள் பிறந்தது முதல் கட்டுண்டு, சுவரில் விழும் நிழல்களையே உண்மை என்று நம்பும் கைதிகளின் உவமை பலரும் கேள்விப்பட்டது. அதிலிருந்து பிளேட்டோ பெறும் முடிவு அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை: குருட்டுக் கண்ணுக்குள் பார்வையைச் செலுத்துவது போல, இல்லாத அறிவை உள்ளே திணிப்பது கல்வியாகாது. பார்க்கும் ஆற்றல் எல்லோரிடமும் இருக்கிறது. அது தவறான திசையை நோக்கியிருப்பதால், உள்ளம் முழுவதையும் சரியான திசைக்குத் திருப்பும் கலையே கல்வி. அதற்காக அவர் வகுக்கும் பாடத்திட்டம் நீண்டது. சுமார் 20 வயதில் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் பத்து ஆண்டுகள் எண்கணிதம், வடிவியல், வானியல், இசையின் கணிதம் ஆகியவற்றைக் கற்க வேண்டும். 30 முதல் 35 வரை தருக்க உரையாடல். அதன்பின் 15 ஆண்டுகள் மீண்டும் குகைக்குள் இறங்கி நகரப் பணி. 50 வயதில்தான் நன்மையின் முழு அறிவும் ஆட்சிப் பொறுப்பும். சிறுவர்களுக்கு இந்தப் பாடங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது, சுதந்திரமான மனிதன் எதையும் அடிமையைப் போலக் கற்கக் கூடாது, கட்டாயத்தால் ஏறிய பாடம் உள்ளத்தில் தங்காது, விளையாட்டாகவே கற்பியுங்கள் என்றும் அவர் சொல்கிறார். காவலர் வகுப்புப் பெண்களுக்கு ஆண்களுக்குரிய அதே கல்வியும் அதே பதவிகளும் உண்டு என்று ஐந்தாம் பாகத்தில் வாதிடுகிறார். பெண்கள் வீட்டுக்குள் வளர்ந்த ஏதென்ஸில் இது துணிச்சலான பேச்சு.

இவ்வளவு தூரம் வந்த பிறகு ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். நீதி உள்ளத்தின் ஒழுங்கு என்றால், அது உழவனுக்கும் தச்சனுக்கும் வேண்டாமா? காவலர்களின் கல்வியை இவ்வளவு விரிவாக எழுதிய பிளேட்டோ, நகரத்தில் பெரும்பான்மையினரான உழைப்பாளர்கள் எப்படி வளர்க்கப்படுவார்கள் என்பதைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே சொல்லவில்லை. அவர்களுக்கு அவர் வைத்திருப்பது கடவுள் மனிதர்களைப் படைக்கும்போது சிலரிடம் பொன்னையும் சிலரிடம் வெள்ளியையும் மற்றவரிடம் இரும்பையும் வெண்கலத்தையும் கலந்தார் என்ற கதை. அது பொய் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். இரும்புப் பெற்றோருக்குப் பொன் குழந்தை பிறந்தால் அதை மேலே உயர்த்த வேண்டும் என்று அவர் சேர்த்துச் சொல்வது உண்மைதான். ஆனால் கற்பிக்காமலேயே அந்தப் பொன்னை யார், எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லோருக்கும் பகிர்ந்து கொடு என்று சீயஸ் சொன்னதாகப் புரோட்டகோரஸ் கூறியதை இங்கே நினைத்துக்கொண்டால், பிளேட்டோவின் நகரத்தில் எது குறைகிறது என்பது புலப்படும். முதுமையில் எழுதிய 'சட்டங்கள்' நூலில் அவர் இந்த நிலையிலிருந்து நகர்கிறார்: குடிமக்களின் பிள்ளைகள், ஆணோ பெண்ணோ, தந்தை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கட்டாயம் கற்க வேண்டும், ஏனெனில் அவர்கள் பெற்றோருக்கு உரியவர்கள் என்பதைவிட நகரத்துக்கே உரியவர்கள் என்கிறார், கல்விக்குப் பொறுப்பான அதிகாரியின் பதவியே நகரின் உயர் பதவிகளில் தலையாயது என்றும் எழுதுகிறார்.

பிளேட்டோவின் அக்காடமி என்ற கல்விக்கூடத்தில் 17 வயதில் சேர்ந்து இருபது ஆண்டுகள் இருந்த அரிஸ்டாட்டில் கேள்வியை வேறு முனையிலிருந்து அணுகினார். கட்டடம் கட்டிக் கட்டித்தான் ஒருவன் கட்டுநன் ஆகிறான், யாழ் வாசித்து வாசித்துத்தான் யாழ்க் கலைஞன் ஆகிறான். அப்படியே நீதியான செயல்களைச் செய்து செய்துதான் நீதியுள்ளவன் ஆகிறான் என்பது அவர் கருத்து. சிறுவயதிலிருந்து எப்படிப் பழகினோம் என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது, சொல்லப்போனால் முழு வேறுபாடும் அதுவே என்கிறார். நீதியையும் அவர் நடைமுறைக்கு ஏற்பப் பிரித்துப் பார்க்கிறார். பதவியையும் செல்வத்தையும் பகிர்ந்தளிப்பதில் உள்ள நீதி தகுதிக்கு ஏற்ற விகிதத்தைப் பார்க்கும். ஒருவருக்கு இழைத்த தீங்கைச் சரிசெய்யும் நீதியோ நல்லவன் கெட்டவனை ஏமாற்றினானா, கெட்டவன் நல்லவனை ஏமாற்றினானா என்று பாராமல் இழப்பை மட்டும் ஈடுசெய்யும். தகுதிக்கு ஏற்பப் பகிர வேண்டும் என்பதில் எல்லோரும் உடன்படுகிறார்கள்; தகுதி எது என்பதில்தான் சண்டை. சுதந்திரப் பிறப்பு என்கிறார்கள் மக்களாட்சிக்காரர்கள், செல்வம் என்கிறார்கள் சிலராட்சிக்காரர்கள், நற்பண்பு என்கிறார்கள் மற்றவர்கள். நல்ல குழல்கள் சில இருந்தால் அவற்றை உயர்குலத்தில் பிறந்தவனுக்கோ அழகனுக்கோ கொடுக்காமல் நன்றாகக் குழல் வாசிப்பவனுக்கே கொடுப்போம் என்பது அவருடைய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. குழல் வாசிக்கும் திறமை பயிற்சியால் வருவது என்பதால், யாருக்குப் பயிற்சி கிடைத்தது என்ற கேள்வி இந்த எடுத்துக்காட்டுக்கு உள்ளேயே இருக்கிறது.

'அரசியல்' நூலின் கடைசிப் பாகத்தில் அரிஸ்டாட்டில் இதற்கு ஓரளவு பதில் சொல்கிறார். நகரம் முழுவதற்கும் நோக்கம் ஒன்றே என்பதால் கல்வியும் எல்லோருக்கும் ஒன்றாகவும் பொதுவானதாகவும் இருக்க வேண்டும், ஒவ்வொருவரும் தம் பிள்ளைக்குத் தனியாகத் தம் விருப்பப்படி கற்பிக்கும் இப்போதைய வழக்கம் சரியன்று என்கிறார். எழுத்து, உடற்பயிற்சி, இசை, சிலர் சேர்த்துக்கொள்ளும் ஓவியம் என்று பாடங்களை எண்ணி, ஒவ்வொன்றும் எதற்காக என்று கேட்கிறார். வெறும் பயன் கருதி மட்டும் கற்பிப்பதை அவர் விரும்பவில்லை. ஸ்பார்ட்டாவின் பயிற்சி பிள்ளைகளை விலங்குகளைப் போல ஆக்கிவிடுகிறது என்றும் குறை சொல்கிறார். எந்தப் பண்ணைக் கற்பிக்கலாம் என்பதில் 'குடியரசு' நூலோடு வெளிப்படையாகவே முரண்படுகிறார்.

ஆனால் எல்லோருக்கும் என்று அவர் சொல்வதில் யார் யார் அடங்குவார்கள்? அவருடைய சிறந்த நகரத்தில் கைவினைஞரும் உழவரும் குடிமக்கள் அல்லர். அடிமையிடம் ஆராய்ந்து முடிவெடுக்கும் ஆற்றலே இல்லை என்றும், பெண்ணிடம் அது இருந்தாலும் அதிகாரமற்று இருக்கிறது என்றும் அவர் எழுதினார். பழக்கத்தால் பண்பு உருவாகிறது என்று கற்பித்தவரே, முடிவெடுத்துப் பழகும் வாய்ப்பு ஒருபோதும் தரப்படாதவர்களைப் பார்த்து, அவர்களுக்கு அந்த ஆற்றல் இயற்கையிலேயே இல்லை என்று சொன்னது அவருடைய சொந்தக் கொள்கையோடு முரண்படுகிறது. அதே நூலின் முதல் பாகத்தின் முடிவில் அவர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: சுதந்திர மக்களில் பாதிப்பேர் பெண்கள்; ஆகவே நகரம் நல்லதாக இருக்க வேண்டுமானால் அதன் அரசியலமைப்பைக் கருத்தில் கொண்டு பெண்களுக்கும் கல்வி தர வேண்டும்; இதைப் பின்னால் விரிவாகப் பேசுவோம் என்கிறார். நமக்குக் கிடைத்திருக்கும் எட்டுப் பாகங்களில் அந்தப் பேச்சு வருவதில்லை. கல்விக்கென்று ஒதுக்கிய எட்டாம் பாகம் சிறுவர்களின் இசைப் பயிற்சியைப் பற்றிய ஆராய்ச்சியோடு நின்றுவிடுகிறது.